புளூபேர்டுக்குப் பெட்டி வைக்கும் முன்

பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஏபெக்ஸ் ஊரில் தோட்டச் சாமான் விற்கும் கடைகளின் வாசலில் பறவை வீடுகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். சிவப்புக் கூரை, வண்ணம் அடித்த ஜன்னல், ஓட்டைக்குக் கீழே பறவை உட்கார ஒரு சின்னக் குச்சி. தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தோழிகள் இதை வாங்கிவிட்டு எனக்குப் படம் அனுப்புவார்கள். “எந்த மரத்துல மாட்டட்டும் அக்கா?” என்று கேட்பார்கள். வீட்டுக்குள் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆசையாக வாங்கியவர்களுக்கு முகம் வாடிப்போகிறது. அதனால்தான் காரணத்தை ஒரு தடவை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தக் குச்சியே முதல் கோளாறு. மரப்பொந்தில் வாழும் பறவைக்கு வாசலில் திண்ணை தேவையில்லை. நேராகப் பறந்து வந்து ஓட்டை விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். குச்சி உதவுவதெல்லாம் வெளியே நின்றபடி உள்ளே தலையை விட்டுத் தொல்லை கொடுக்கிற வேறு பறவைகளுக்குத்தான். அப்புறம், கடைப் பெட்டிகள் பலவற்றில் திறந்து பார்க்கக் கதவு இல்லை. மழைத்தண்ணீர் வடிய அடியில் துளை இல்லை. சூடு வெளியேறக் கூரைக்குக் கீழே இடைவெளி இல்லை. வட கரோலினாவின் ஜூலை வெயிலில் அப்படி ஒரு பெட்டிக்குள் குஞ்சுகள் இருந்தால் அவற்றின் கதியை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கம் பெட்டி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கிழக்கத்திய புளூபேர்ட். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. ஆணின் முதுகில் இருக்கும் நீலத்தைப் படத்தில் பார்த்து நம்ப முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். மார்பு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. பெண்ணுக்குச் சாம்பல் கலந்த மங்கலான நீலம். புல்வெளியை ஒட்டி ஏதாவது ஒரு கம்பத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளியோ வண்டோ அசைந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு மறுபடி கம்பத்துக்குப் போய்விடும்.

இதன் அலகால் மரத்தைக் குடைய முடியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, உளுத்துப்போன வேலிக் கம்பத்தின் ஓட்டை, இவைதான் அதற்கு வீடு. காய்ந்த மரங்களை மனிதர்கள் வெட்டித் தள்ளினார்கள். மரக் கம்பங்கள் போய் இரும்புக் கம்பங்கள் வந்தன. பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது. இதற்கு நடுவில் ஐரோப்பாவிலிருந்து இரண்டு பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1851 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்டுக்குருவி, 1890-ல் அதே நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஸ்டார்லிங். இரண்டுமே பொந்தில் கூடு கட்டுபவை, இரண்டுமே அடாவடி. இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டும்போது, முன்பு எங்கும் கண்ணில் பட்ட புளூபேர்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

மீட்டுக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு சாதாரண ஜனங்களுக்கு உண்டு. இல்லினாய் மாநிலத்தில் மசல்மேன் என்பவர் 1930-களிலேயே சாலையோரமாக வரிசையாகப் பெட்டிகள் வைத்தார். லாரன்ஸ் ஸெலனி 1978-ல் வட அமெரிக்க புளூபேர்ட் சங்கத்தைத் தொடங்கினார். எங்களுக்குக் கிழக்கே பெய்லி என்ற சின்ன ஊரில் ஜாக் ஃபின்ச் என்ற விவசாயி பல்லாயிரக்கணக்கில் பெட்டி செய்து மாநிலமெங்கும் பரப்பினார். இன்று என் வீட்டு வேலியில் ஒரு புளூபேர்ட் வந்து உட்காருகிறது என்றால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. பெட்டி என்பது அலங்காரப் பொருள் அல்ல என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, பெட்டி எப்படி இருக்க வேண்டும்? முக்கால் அங்குலக் கனமுள்ள சீடார் அல்லது பைன் பலகை, மருந்து ஏற்றாதது. உள்ளே தரை நாலுக்கு நாலு அல்லது ஐந்துக்கு ஐந்து அங்குலம். தரையிலிருந்து சுமார் ஆறு அங்குல உயரத்தில் ஓட்டை. ஓட்டையின் விட்டம் ஒன்றரை அங்குலம். இந்த ஒன்றரையில் சமரசமே கூடாது. இதற்குள் புளூபேர்ட் நுழையும், ஸ்டார்லிங் நுழையாது. கூரை முன்பக்கம் நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மழைக்கும், ராத்திரியில் மரமேறி வரும் ரக்கூன் என்ற விலங்கின் கைக்கும் அது தடுப்பு. முன்பலகையின் உட்புறத்தில் ஓட்டைக்குக் கீழே ரம்பத்தால் குறுக்குக் கீறல்கள் போட்டுவிடுங்கள். வழவழப்பான பலகையில் குஞ்சால் ஏற முடியாது, கீறல்தான் அதற்குப் படி. உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டாம். வெளியே அடித்தே ஆக வேண்டும் என்றால் வெளிர் நிறம். கூரையின் உட்புறத்தில் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டால் குளவி கூடு வைக்காது. பக்கவாட்டுப் பலகை ஒரு திருகாணியில் திறந்து மூடும்படி இருக்க வேண்டும். திறக்க முடியாத பெட்டியை வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். வைக்காமல் இருப்பது நல்லது.

ஏன் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்குச் சிட்டுக்குருவியைப் பற்றிப் பேசியாக வேண்டும். எனக்கு மனசு கனக்கிற விஷயம் இது.

தென்காசியில் ஆச்சி வீட்டில் வளர்ந்தவள் நான். தாழ்வாரத்து உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்திலும் சாமி படங்களுக்குப் பின்னாலும் குருவிகள் கூடு கட்டும். குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் தாழ்வாரத்து ஃபேனை யாரும் போடக் கூடாது. வேர்த்து ஊற்றினாலும் பனையோலை விசிறிதான். அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள், குருவி வந்து கொத்தட்டும் என்று. அரிசி புடைக்கும்போது விழுகிற நொய்யும் அதற்குத்தான். குருவி கூடு வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது.

எங்கள் தெரு முனையில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெட்டி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. ஒரு ஏப்ரல் மாதம் அவர் தன் தோட்டத்துப் பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பைன் ஊசியிலைகளை வளைத்து வளைத்துக் கட்டிய அழகான கூடு. அதில் முட்டைகளின் மேலேயே பெண் புளூபேர்ட் செத்துக் கிடந்தது. தலையில் இறகே இல்லை, கொத்திப் பிடுங்கப்பட்டிருந்தது. அதன் உடம்பின் மேலேயே புதிதாகக் காய்ந்த புல்லும் வெள்ளை இறகும் ஒரு பிளாஸ்டிக் துண்டும் கொண்டுவந்து போட்டு வேறு கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. பெட்டிக்கு மேலே வேலியில் கறுப்புத் தாடி வைத்த ஆண் சிட்டுக்குருவி நின்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டிக்கு ஒரே ஒரு வாசல். குருவி அந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டால் அடைகாக்கிற பெண்ணுக்குத் தப்பிக்க வழி கிடையாது. குருவியின் அலகு தானியத்தை உடைக்கிற தடித்த அலகு. புளூபேர்டுக்கு இருப்பதோ பூச்சி பிடிக்கிற மெல்லிய அலகு. ஒன்றரை அங்குல ஓட்டை ஸ்டார்லிங்கைத் தடுக்குமே தவிர சிட்டுக்குருவியைத் தடுக்காது. அது புளூபேர்டைவிடச் சின்னது.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். குருவி கட்டுகிற கூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். “ஏட்டி, குருவிக் கூட்டையா கலைக்கே? பாவமில்லையா?” என்று பதறிவிட்டாள். அம்மாவுக்குப் பதில் சொல்வது சுலபமாக இல்லை. என் மகள் கேட்ட கேள்வி அதைவிடக் கடினம். “அதுவும் வெளியிலிருந்து வந்தது, நாமும் வெளியிலிருந்து வந்தவங்கதானே அம்மா, அதை மட்டும் ஏன் விரட்டணும்?”

ரொம்ப யோசித்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். குருவி இங்கே வந்தது அதன் குற்றமில்லை. கூண்டில் அடைத்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மரத்திலோ கடைப் பலகையின் எழுத்து இடுக்கிலோ அது கூடு கட்டினால் நான் போய்க் கலைக்க மாட்டேன். ஆனால் பெட்டி நான் வைத்தது. ஓட்டை நான் போட்டது. வா, இங்கே பத்திரமாக முட்டையிடு என்று ஒரு பறவையைக் கூப்பிட்டது நான். அந்தப் பெட்டிக்குள் அது சாகக் கூடாது என்பது என் பொறுப்பு. ஆச்சி ஃபேனை நிறுத்தியதும் இதற்குத்தானே? தன் வீட்டுக்குள் வந்து கூடு கட்டிய உயிருக்குத் தன் வீட்டாலேயே ஆபத்து வரக் கூடாது என்றுதானே? சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டிருந்ததால் ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு போடாமல் இருட்டில் நடந்தது. செய்தியில் படித்திருப்பீர்கள். இங்கே காவல் இருக்கும் முறை வேறு, அவ்வளவுதான்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் நம் ஆட்களுக்கான ஒரு வேண்டுகோள். மிஞ்சிய சோறு, கம்பு, அரிசி நொய் எதையும் பெட்டி இருக்கிற தோட்டத்தில் இறைக்காதீர்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் வைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கடையில் விற்கும் மலிவான கலவைத் தீனியில் இருப்பதும் பெரும்பாலும் சிறுதானியமும் நொறுக்கிய சோளமும்தான், சிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. தீனி வைக்க வேண்டும் என்றால் குசும்பா விதை வையுங்கள், குருவிகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. பெட்டியை வீட்டுச் சுவரிலிருந்தும் கார் நிறுத்துமிடத்திலிருந்தும் தள்ளி, முடிந்த அளவு திறந்த புல்வெளியில் வையுங்கள். குருவிக்கு மனித வாடை வேண்டும், புளூபேர்டுக்கு வெட்டவெளி வேண்டும்.

அப்படியும் குருவி வந்தால் கட்டக் கட்ட எடுத்துவிடுவது ஒரு வழி. சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 1918-ல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் இந்த மண்ணின் பறவைகளை, அவற்றின் கூட்டை, முட்டையைக் காக்கிறது. சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அதில் வராது. ஆனால் கூடு யாருடையது என்று நிச்சயமாகத் தெரிந்தபின்தான் கை வைக்க வேண்டும். பைன் ஊசியோ மெல்லிய புல்லோ மட்டும் வைத்துச் சுத்தமான கிண்ணமாக இருந்து, முட்டை வெளிர்நீலமாக இருந்தால் அது புளூபேர்ட். அடியில் பச்சைப் பாசி, மேலே மெத்தென்ற முடி, வெள்ளை முட்டையில் செம்பழுப்புப் புள்ளி என்றால் சிக்கடீ என்ற குட்டிப் பறவை. பெட்டி நிறைய வைக்கோல், இறகு, காகிதம், குப்பை, முட்டையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு என்றால் சிட்டுக்குருவி. முட்டையிட்டபிறகு கலைத்தால் ஆண் குருவி வெறிபிடித்தது போலப் பக்கத்துப் பெட்டிகளைத் தாக்கக்கூடும் என்று அனுபவப்பட்டவர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால் புல் கொண்டுவரும்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு உபாயம் எனக்கு ரொம்பக் கைகொடுக்கிறது. பிறந்தநாள் பலூன் செய்கிற பளபளப்பான மைலார் தாளை நீளநீளமாக வெட்டி, பெட்டிக்கு மேலே ஒரு குறுக்குக் குச்சியில் கட்டி, கூரையைத் தொடும் அளவுக்குத் தொங்கவிடுவது. காற்றில் மினுங்கிக்கொண்டே இருக்கும். சிட்டுக்குருவி அதைக் கண்டு கிட்டே வராது. புளூபேர்டோ முட்டை உள்ளே இருப்பதால் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பெட்டிக்குள் நுழைந்துவிடும். நேரம்தான் இதில் முக்கியம். முதல் முட்டை விழுந்த பிறகு கட்ட வேண்டும், குஞ்சுகள் பறந்ததும் கழற்றிவிட வேண்டும். வருடம் முழுக்கத் தொங்கினால் குருவிக்குப் பழகிவிடும்.

அடுத்தது பாம்பு. இங்கே கறுப்பு நிறத்தில் ஒரு சாரை உண்டு. விஷமில்லாதது, எலியைத் தின்று நமக்கு நல்லதுதான் செய்கிறது. ஆனால் மரமேறுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. மரத்தில் ஆணியடித்து மாட்டிய பெட்டியோ மர வேலிக் கம்பத்தில் வைத்த பெட்டியோ அதற்குப் பந்தி விரித்து வைத்ததாகத்தான் அர்த்தம். பெரும்பாலும் ராத்திரியில் வரும். காலையில் கூடு கலையாமல் அப்படியே இருக்கும், குஞ்சு மட்டும் ஒன்றுகூட இருக்காது. ரக்கூன் வந்தால் கூட்டைக் கையால் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கும். பூனையும் உண்டு.

ஆகவே பெட்டி தனிக் கம்பத்தில்தான் நிற்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் மின்கம்பி இழுக்கிற இரும்புக் குழாய் கிடைக்கும். மழை பெய்து எங்கள் ஊர்ச் செம்மண் இளகியிருக்கும் நாளில் ஒரு முறுக்குக் கம்பியைப் பாதி நீளத்துக்குத் தரையில் அடித்து இறக்கி, அதன் மேல் அந்தக் குழாயைச் செருகிவிட்டால் ஆடாமல் நிற்கும். பெட்டி கண்மட்டத்துக்கு, ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். பெட்டிக்குக் கீழே தடுப்பு. அடுப்புப் புகைபோக்கிக்கு விற்கும் எட்டு அங்குல விட்டமுள்ள தகரக் குழாய், இரண்டடி நீளம். அதன் மேல்வாயை மட்டும் கம்பி வலையால் மூடி, நடுவில் கம்பம் நுழைய ஓட்டை விட்டு, ஒரு பட்டையில் தொங்கவிட வேண்டும். கம்பத்தில் ஏறி வரும் பாம்பு குழாய்க்குள் போய் மேலே வலையில் முட்டித் திரும்பிவிடும். வெளிப்பக்கமாக ஏறலாம் என்றால் தகரம் வழுக்கும். குழாய் லேசாக ஆடும்படி விட்டால் ரக்கூனுக்கும் பிடி கிடைக்காது. பக்கத்தில் கிளையோ வேலியோ இருந்தால் அதிலிருந்து தாவிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பெறும்பு இருக்கும் இடத்தில், தடுப்புக்கு உள்ளே மறைவாக இருக்கும் கம்பப் பகுதியில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். பறவையின் இறகில் கிரீஸ் படக் கூடாது.

கம்பத்தைச் சுற்றி வலை விரித்துப் பாம்பைச் சிக்கவைக்கும் யோசனை சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சிக்கிய பாம்பு வெயிலில் துடித்துச் சாகும். அதற்கும் வயிறு இருக்கிறது. என் பெட்டியிலிருந்து அதைத் தள்ளிவைத்தால் எனக்குப் போதும்.

புளூபேர்ட் நாளுக்கு ஒன்றாகக் காலையில் முட்டையிடும், வழக்கமாக நாலு அல்லது ஐந்து. கடைசி முட்டை வந்தபிறகுதான் பெண் அடைகாக்க உட்காரும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு. அதிலிருந்து 16 முதல் 20 நாளில் பறந்துபோகும். எங்கள் பக்கம் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டு வரை இரண்டு மூன்று ஈடு எடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை, வெயில் ஏறியபின் பெட்டியை மெல்லத் தட்டிவிட்டுத் திறந்து பார்த்து உடனே மூடிவிடலாம். மனித வாசனை பட்டால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். அப்படியெல்லாம் விடாது. ஆனால் குஞ்சுக்குப் பன்னிரண்டு பதிமூன்று நாளாகிவிட்டால் பெட்டியைத் தொடக் கூடாது. பயந்துபோய் நேரத்துக்கு முன்பே வெளியே குதித்துவிடும், பறக்கவும் தெரியாமல் தரையில் கிடக்கும். என் மகள் தேதிகளையெல்லாம் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் நெஸ்ட்வாட்ச் செயலியில் பதிந்துவைக்கிறாள். எந்த நாளுக்குமேல் திறக்கக் கூடாது என்பதற்கு அவள்தான் எங்கள் வீட்டில் பஞ்சாங்கம்.

சிக்கடீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும், கறுப்புத் தொப்பி, கறுப்புக் கழுத்து, வெள்ளைக் கன்னம். இதற்கு 1⅛ அங்குல ஓட்டை, அதாவது ஒன்றேயரைக்கால். அந்த அளவில் சிட்டுக்குருவி நுழையவே முடியாது, 1¼ ஆகிவிட்டால் நுழையப் பார்க்கும். முதல் தடவை சிக்கடீ அடைகாக்கும் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து பாம்பு சீறுகிற சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். பாம்பே இல்லை. அந்தச் சின்னத் தாய்தான் உடம்பை முன்னால் எறிந்து சிறகைப் பலகையில் அடித்துச் சீறியது. எதிரியைப் பயமுறுத்த அதற்கு இயற்கை கொடுத்திருக்கும் வித்தை. அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு ஈடு சிக்கடீக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 கம்பளிப்பூச்சிகள் வேண்டும் என்கிறார் டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக் டாலமி. தீனித் தொட்டியில் எவ்வளவு விதை கொட்டினாலும் குஞ்சுக்கு அது உணவில்லை, புழுதான் உணவு. அவரும் சகாக்களும் வாஷிங்டன் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. தோட்டத்துச் செடிகொடிகளில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் உள்ளூர் வகையாக இருந்தால்தான் சிக்கடீக் கூட்டம் குறையாமல் தாக்குப்பிடிக்கிறது என்று அதில் கண்டார்கள். எங்கள் குடியிருப்பில் பில்டர் வரிசையாக நட்டிருப்பதோ ஆசியாவிலிருந்து வந்த கிரேப் மர்ட்டில். பூ அழகு, புழுவே கிடையாது. ஓக் மரம் ஒன்று இருந்தால் நூற்றுக்கணக்கான வகைக் கம்பளிப்பூச்சிகள் அதை நம்பி வாழும். என் வீட்டுக்காரரைச் சம்மதிக்கவைத்து முன்வாசலில் ஒரு வெள்ளை ஓக் கன்று வைத்திருக்கிறேன். இலை உதிர்ந்தால் வாரிக் கொட்டாமல் மரத்தடியிலேயே விடுகிறேன், புழுக்கள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது அங்கேதான். இதற்காகக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, தோட்டம் ஒழுங்காக இல்லை என்று. பெட்டியின் படங்களோடு பதில் எழுதினேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.

கோடையில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கொசுமருந்து அடிக்கிறோம் என்பார்கள். செடியில் அடிக்கிற மருந்து கொசுவைப் பார்த்துத் தனியாகக் கொல்லாது. கம்பளிப்பூச்சி, தேனீ, சிலந்தி எல்லாம் சேர்ந்து போகும். பெட்டி வைத்திருக்கும் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுவதே கொசுவுக்குப் பாதி மருந்து.

மார்ச் மாதம் ஆண் புளூபேர்ட் கார்க் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் மோதும். பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கண்ணாடிக்கு ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். என் காரின் இரண்டு பக்கமும் தென்காசி ஜவுளிக்கடை மஞ்சப்பை தொங்கும்.

குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது, பழங்களை நம்பித்தான் இருக்கும். டாக்வுட், அமெரிக்கன் ஹாலி, கிழக்கத்திய சிவப்பு சீடார் ஆகியவை நல்லவை. நந்தினா என்ற செடியின் சிவப்புப் பழக்கொத்தைப் பல வீட்டு வாசலில் பார்த்திருப்பீர்கள். அதில் சயனைடு இருக்கிறது. 2009-ல் ஜார்ஜியாவின் தாமஸ் கவுண்டியில் சீடார் வேக்ஸ்விங் பறவைகள் அதை நிறையத் தின்று கொத்தாகச் செத்தன. வேரோடு பிடுங்க முடியாவிட்டால் பழக்கொத்தையாவது வெட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டியைக் குளிர்காலத்தில் கழற்ற வேண்டாம். பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து வைத்தால், உறைபனி இரவுகளில் பல புளூபேர்டுகள் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளும்.

இந்த வருடம் பின்பக்கத்துப் பைன் மரங்களை ஒட்டிப் பழுப்புத்தலை நட்ஹாட்ச் என்ற சின்னப் பறவைக்கு ஒரு பெட்டி வைக்கப் போகிறேன். பறவைகளைக் காக்கும் ஆடபான் அமைப்பின் வட கரோலினா பிரிவு 10,000 பெட்டிகள் இலக்கு வைத்து இயக்கம் நடத்தியதே, அதே பறவை. ரப்பர் பொம்மையை அமுக்கினாற்போலக் கீச்சிடும். முந்தைய ஈட்டில் பிறந்த அண்ணன்கள் கூடவே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். சிக்கடீ அளவு ஓட்டையே இதற்கும் போதும். கம்பமும் தடுப்பும் மேலே சொன்னதேதான். ஏபெக்ஸ், கேரி, மாரிஸ்வில் பக்கம் இருப்பவர்கள் யாராவது இந்த மாதம் பெட்டி வைக்கிறீர்கள் என்றால் எழுதுங்கள். தகரம் வெட்டும் கத்திரியும் மிஞ்சிய கம்பி வலையும் என்னிடம் இருக்கின்றன, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.